ஒரு நிமிட நாடகம்

விளம்பரம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் முகஞ்சுளிப்பது நம் புலவருலகின் பழைய வழக்கம். மாணவன் ஒருவன் கட்டுரையில் மிகைபடக் கூறிவிட்டால், "இஃதென்ன விளம்பரமா?" என்று ஆசிரியர் கேட்பதுண்டு. விலைக்குச் சொல்லப்படும் சொல்லில் உண்மை இராது, உண்மை இல்லாத சொல்லில் கலை இராது என்பது நம்மவர் துணிபு.

இத்துணிபைச் சற்றே நிறுத்தி வைத்து ஒன்றைச் சிந்திக்க வேண்டும். விளம்புதல் என்பது சொல்லுதல். பெற்றவன் ஒருவன் பெறாதவன் ஒருவனைக் கண்டு, தான் பெற்ற பேற்றையும் அதனைத் தந்தவன் சிறப்பையும் அவன் ஊருக்குச் செல்லும் வழியையும் சொல்லி, நீயும் அங்கே செல்க என்று செலுத்துவதைத் தமிழர் ஓர் இலக்கியத் துறையாகவே வகுத்தனர். ஆற்றுப்படை என்பது அதன் பெயர். பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படையே. பரிசில் பெற்ற பாணனின் பாட்டு, பரிசில் தந்த வள்ளலுக்கு விளம்பரமும் ஆயிற்று என்றால் அது பிழையாகாது. வள்ளல் மறைந்தான், அவன் செல்வமும் மறைந்தது, பாட்டு நிற்கின்றது. ஆகவே பொருள் கருதிச் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைக் கலையன்று என்று தள்ளிவிடுதல் நம் மரபுக்கும் ஒவ்வாது. செய்ந்நேர்த்தி உண்டா, உள்ளத்தைத் தொடும் உண்மை உண்டா என்று பார்த்த பின்னரே கொள்ளவோ தள்ளவோ வேண்டும்.

அவ்வாறு பார்ப்பதற்கு இங்கே எடுத்துக்கொண்டது, 1979 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த ஒரு விளம்பரப் படம். கொக்கா கோலா என்னும் பானத்துக்காக நியூயோர்க் நகரத்து மக்கான் எறிக்சன் என்ற விளம்பர நிறுவனம் அதனை ஆக்கியது. ஆக்கியோருள் இருவர் பெயர் குறிப்பிடத்தக்கது: ஒருவர் பென்னி ஹோக்கி என்னும் பெண்மணி, மற்றவர் ரொஜர் மொஸ்கோனி. படத்தின் நீளம் ஒரே நிமிடம். அதில் வரும் உரையாடல் முழுவதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி முடிக்கலாம். ஆயினும் விளையாட்டு வீரர்களைக் கொண்டு ஆக்கப்பட்ட விளம்பரங்களுள் தலையாயவற்றை எண்ணுவோர் இன்றும் இதனை விட்டு எண்ணுவதில்லை.

படத்தின் சுவையை உணர்வதற்கு அதன் தலைவனை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. பக்கத்துக்குப் பதினொருவராய், தலைக்கவசமும் தோட்காப்பும் பூண்டு, நீள்வட்டப் பந்து ஒன்றைக் கையிலேந்தி எதிரி நிலத்துட் புகுவதே அவ்விளையாட்டு. பந்து ஏந்தியவனை மோதி வீழ்த்துவது எதிரணியின் கடமை. அத்தகைய காவலணியின் முன்வரிசையில் நின்று, எதிரிகளின் அரணைப் பிளந்து உட்புகுவதைத் தொழிலாகக் கொண்டவர் ஜோ கிறீன். 1946 இல் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்த கறுப்பினத்தவர். ஆறடி நான்கங்குல உயரம். எடை ஏறத்தாழ 125 கிலோகிராம். 1969 இல் பிற்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் என்னும் கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டு அக்கழகம் ஆடிய 14 ஆட்டங்களில் வென்றது ஒன்றே. அடுத்த பத்தாண்டுகளுள் அதே கழகம் நான்குமுறை தேசிய வாகை சூடியது. அந்த எழுச்சிக்கு நடுத்தூணாய் நின்றவர் கிறீன்.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'மீன் ஜோ' என்பது அது. இதனை நம் மீன் என்று கொள்ளற்க. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கொடியவன், இரக்கமற்றவன் என்பது பொருள். ஈயாதவன் என்றொரு பொருளும் உண்டு. அவர் பயின்ற வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்து அணியின் நிறம் பச்சை. அணிக்கு வழங்கிய 'மீன் கிறீன்' என்ற பெயர், கிறீன் என்ற தம் குடும்பப் பெயரோடு ஒத்திசைந்தமையால் இவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவர் அதனை விரும்பினாரல்லர். ஆயினும் களத்தில் அவர் ஆடிய ஆட்டம் பெயருக்குச் சான்று பகர்ந்தது. முதலாண்டிலேயே நடுவர்களால் வெளியேற்றப்பட்டவர் அவர். ஆக, 1979 இல் அமெரிக்க இல்லங்களில் ஜோ கிறீன் என்றால் அஞ்சத்தக்க ஓர் உருவமே மனக்கண்முன் எழும்.

இனிப் படத்தைக் காண்போம்.

ஆட்டக்களத்திலிருந்து உடைமாற்றும் அறைக்குச் செல்லும் இருண்ட நடைவழி. கிறீன் காலை இழுத்து இழுத்து நடந்து வருகிறார். ஆட்டச் சட்டையைக் கழற்றித் தோளிற் போட்டிருக்கிறார். பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன், கையில் ஒரு பெரிய போத்தலோடு நிற்கிறான். "மிஸ்ரர் கிறீன், மிஸ்ரர் கிறீன்" என்று தயங்கித் தயங்கி அழைக்கிறான். அவர் திரும்பி, என்ன என்பதுபோல ஒரு சொல் சொல்கிறார். தங்களுக்கு உதவி ஏதும் வேண்டுமா என்கிறான் பையன். வேண்டா என்கிறார். தங்களைப்போல் ஒருவர் இல்லை என்று தான் எண்ணுவதைத் தாங்கள் அறியவேண்டும் என்கிறான். சரி, சரி என்று சலிப்போடு கூறி நடக்க முற்படுகிறார். என் கோலா வேண்டுமா என்கிறான். வேண்டா என்கிறார். மெய்யாகத்தான், தாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். அவர் பெருமூச்செறிந்து, நன்றி கூறி, வாங்குகிறார். அண்ணாந்து குடிக்கிறார், நிறுத்தாமற் குடிக்கிறார், போத்தல் வெறுமையாகும் வரை குடிக்கிறார். அப்போது யாரும் பேசவில்லை. பின்னணியிலே பாட்டு மட்டும் ஒலிக்கின்றது.

பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். போத்தல் போயிற்று, பேச்சும் முடிந்தது. விடைபெற்றுத் திரும்பி நடக்கிறான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: தம்பி! திரும்புகிறான். இந்தா, பிடி! தோளிற் கிடந்த சட்டை அவனை நோக்கிப் பறந்து வருகின்றது. பையன் வாய்பிளந்து அதனைப் பிடித்து, "நன்றி, மீன் ஜோ!" என்று கூவுகிறான். கிறீன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு மலர்கின்றது. இவ்வளவே படம்.

இதனை முதன்முறை கண்டபோது என்னை நிறுத்தியது இதில் இல்லாத ஒன்று. விளையாட்டு வீரரைக் கொண்டு எடுத்த படத்தில் விளையாட்டு இல்லை. ஓட்டம் இல்லை, மோதல் இல்லை, ஆரவாரிக்கும் கூட்டத்தின் காட்சி இல்லை. அணி வென்றதா தோற்றதா என்பதும் சொல்லப்படவில்லை. போர் முடிந்தபின் பாசறையிற் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பாடுவது புறத்திணைக்குப் பழக்கமான செய்தி. இப்படத்தை ஆக்கியோரும் வீரனின் பெருமையைப் போர்க்களத்திற் காட்டவில்லை. களத்துக்கு வெளியே காட்டினர். அவன் தன் வலிமையால் ஒன்றும் செய்யமுடியாத ஓர் இடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினர். வலிமைக்கு அப்பால் அவனிடம் வேறு என்ன உண்டு என்பதே படத்தின் வினா.

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளைக்கொண்டு இதனை அளந்து பார்த்தல் பயன்தரும். பையன் அழைக்கும்போது அவனிடம் இருப்பது அச்சம். அவரை அண்ணாந்து நோக்கும்போது அது மருட்கை. நொண்டி நடக்கும் வீரனிடம் காண்பது இளிவரல். பிணியும் வருத்தமும் இளிவரலின் நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியர் கருத்து. ஒன்பது வயதுப் பிள்ளை அந்த மாமலைபோன்ற மனிதனைப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. இளமையும் பேதைமையும் நகைக்குப் பிறப்பிடம் ஆதலின். இறுதியில் இருவரிடமும் உவகை. ஒரு நிமிடத்துள் இத்தனை மெய்ப்பாடுகள், ஒன்றிலிருந்து ஒன்று இயல்பாகப் பிறக்குமாறு அமைந்துள்ளன. ஒன்றேனும் வலிந்து புகுத்தப்பட்டதன்று.

இவற்றுள் நான் தனியே எடுத்துக்கூற விரும்புவது பெருமிதம். பெருமிதம் நான்கு வழியாற் பிறக்கும் என்பர். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன அவை. கிறீன் நடைவழியில் வரும்போதே அஞ்சாமையும் புகழும் அவரிடம் உள்ளன. ஆட்டக்களம் அவற்றைத் தந்துவிட்டது. தம் தொழிலிற் பெற்ற தேர்ச்சியைக் கல்வி என்று கொண்டால் அதுவும் உண்டு. இல்லாதது ஒன்றே, அது கொடை. அந்த நான்காவதை அவருக்குக் கற்பித்தவன் ஒரு சிறுவன். கற்பித்த முறையும் நேர்த்தியானது. அவன் அறிவுரை கூறவில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான்.

கொடையின் இலக்கணத்தையும் படம் நுட்பமாக உணர்ந்திருக்கின்றது. கொடுப்பது அரிது என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். பெரியவர்களுக்கு அதனினும் அரியது பெற்றுக்கொள்வது. கிறீன் உதவியை மறுக்கிறார், புகழுரையை மறுக்கிறார், போத்தலையும் முதலில் மறுக்கிறார். வலியோன் எளியோனிடம் கைநீட்டுவதற்கு நாணுகின்றான். பெருமூச்செறிந்து அவர் கைநீட்டும் அந்தக் கணமே நாடகத்தின் திருப்பம். அதுவரை அவர் தம் பெருமைக்குள் அடைபட்டுக் கிடந்தார். வாங்கிய பின்னரே அவராற் கொடுக்க முடிந்தது.

கொடுத்த பொருளையும் பாருங்கள். அந்தச் சட்டை பையனுக்குப் பொருந்தாது. அவனைப்போல் மூவர் அதனுட் புகலாம். வியர்வையில் நனைந்த பழஞ்சட்டை அது. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பேகனை யாரும் கேட்டதில்லை. பெறுபவனுக்குப் பயன்படுமா என்று எண்ணாமல், தன் உடம்போடு ஒட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பதில் ஓர் அழகு உண்டு. தன்னையே பகிர்ந்து கொடுப்பது போன்றது அது. கிறீன் அணிந்த சட்டையின் இலக்கம் 75. அந்த இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அவர் கழகம் 2014 இல் முறைப்படி முடிவு செய்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், பையன் பெற்ற பரிசிலின் மதிப்பு விளங்கும்.

அந்தச் சட்டை இறுதியில் எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை என்பதே படத்தை ஆக்கியோரின் திறமை. முதற் காட்சியிலேயே அது தோளிற் கிடக்கின்றது. நாம் அதனைப் பார்க்கிறோம், பொருட்படுத்துவதில்லை. களைத்த ஆட்டக்காரன் சட்டையைத் தோளிற் போட்டுக்கொண்டு வருவது இயல்பு என்று விட்டுவிடுகிறோம். முடிவு வந்தபோதுதான், வித்து முன்னரே இடப்பட்டிருந்தது தெரிகின்றது. சிறுகதை எழுதப் பழகும் மாணவர் இதனை மனங்கொள்ள வேண்டும். எதிர்பாராத முடிவு என்பது முன் சொல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருவதன்று. கண்முன் இருந்தும் காணாதிருந்த ஒன்றைக் காட்டுவதே அதன் சிறப்பு.

இலக்கணம் படித்த கண்ணுக்கு இன்னொரு நுட்பமும் புலப்படும். அது விளி. தொடக்கத்திற் பையன் அழைப்பது 'மிஸ்ரர் கிறீன்' என்று. குடும்பப் பெயரும் மரியாதைச் சொல்லும் சேர்ந்த விளி அது. அச்சமும் இடைவெளியும் அதில் ஒலிக்கின்றன. இறுதியில் அவன் அழைப்பது 'மீன் ஜோ' என்று. கொடியவன் என்ற வசைப்பெயரை ஒரு குழந்தை வாயார, முகமலர்ந்து கூவுகிறது. நாடு முழுவதும் அச்சத்தோடு கூறிவந்த சொல் ஒரு நிமிடத்திற் செல்லப்பெயராகிவிட்டது. இரக்கமற்றவன் என்ற பொருளும் பொய்த்தது. ஈயாதவன் என்ற பொருளும் பொய்த்தது. சொல் அப்படியே இருக்கின்றது. அதன் பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. புலவர்கள் ஒரு நூல் முழுவதும் முயன்று செய்யும் காரியம் இது.

சிரிப்பும் அவ்வாறே காத்துவைக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டு அப்பான நிறுவனம் தன் விளம்பரங்கள் அனைத்துக்கும் கொண்ட வாசகம், பானத்தையும் புன்னகையையும் இணைத்துக் கூறுவது. வேறொருவராயின் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லோரையும் பல்லிளிக்கவைத்துப் படமெடுத்திருப்பர். இவர்களோ கதைத்தலைவனைக் கடைசிக் கணம்வரை சிரிக்கவிடவில்லை. அரிதில் வந்தமையால் அந்தச் சிரிப்புக்கு அத்துணை ஒளி.

இனி, படத்திற் சொல்லாமற் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றிக் கூறவேண்டும். என் கருத்தில் இதுவே அதன் உள்ளுறை.

கிறீன் பிறந்த டெக்சாஸ் மாநிலத்தில், அவர் சிறுவராக இருந்த காலத்தில், வெள்ளையர் நீரருந்தும் குழாய் வேறு, கறுப்பர் நீரருந்தும் குழாய் வேறு. இன்னது இன்னார்க்கு என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தனர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியிலேயே அவரும் பயின்றார். பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் 1964 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின், ஒரு வெள்ளைச் சிறுவன் தன் கைப் போத்தலை ஒரு கறுப்பு மனிதனிடம் நீட்டுகிறான். அவர் அதனை வாயில் வைத்துக் குடிக்கிறார். நாடு முழுவதும் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. கறுப்பின ஆண் ஒருவரைத் தலைவனாக்கி ஒரு பெரிய வணிக நிறுவனம் நாடளாவிய விளம்பரம் செய்வது அருமையாக இருந்த காலம் அது.

இதுபற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிறம் பற்றிய பேச்சு இல்லை. சமத்துவம் பற்றிய முழக்கம் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தாகமுற்ற ஒருவர் தெரிந்தார், அவ்வளவே. ஆயினும் அந்தப் பழைய பலகைகளைக் கண்டு வளர்ந்தவர் எவர்க்கும் இக்காட்சி வெறும் குடித்தலாக இருந்திருக்க முடியாது. தேநீர்க்கடைகளிலே ஒரு சாராருக்குத் தனிப் பேணி வைத்திருந்ததையும், 1960களிலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நிகழ்ந்ததையும் அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு, ஒருவர் பாத்திரத்தில் மற்றொருவர் குடிப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேடையேறி நூறு சொற்பொழிவு செய்தும் விளங்காத ஒன்றை, ஒரு போத்தல் கைமாறுவதைக் காட்டி விளங்கவைத்தல் கலைக்கே உரிய ஆற்றல்.

இத்துணை எளிமையாகத் தோன்றும் ஒன்றன் பின்னால் எத்துணை உழைப்பு இருக்கும் என்பதை எழுத்துத்தொழில் அறிந்தவர் ஊகிப்பர். 1979 ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயோர்க் மாநிலத்து மவுண்ட் வேர்ணன் என்னும் ஊரிலுள்ள சிறிய விளையாட்டரங்கில் இது படமாக்கப்பட்டது. கிறீன் நடிகர் அல்லர். ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும் போத்தலைக் குடித்து முடிக்கவேண்டும். குடித்து முடித்தவுடன் பேசவேண்டும். பேச வாயெடுத்தால் ஏப்பம் வந்துவிடும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். இவ்வாறு 16 அவுன்ஸ் கொண்ட போத்தல்கள் 18 குடித்ததாக அவரே பின்னர்க் கூறியிருக்கிறார். கணக்கிட்டால் எட்டரை லீற்றர் ஆகின்றது! நாம் பார்த்து மகிழும் அந்த ஒரு போத்தலுக்காகப் பதினேழு போத்தல்கள் கழிக்கப்பட்டன. நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினேழு வாக்கியங்களை அடித்து எறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

படம் 1979 ஒக்ரோபர் 1 ஆம் திகதி முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. 1980 ஜனவரி 20 ஆம் திகதி நடைபெற்ற சுப்பர் போல் என்னும் வாகைப் போட்டியின் இடையிலும் அதனைக் காட்டினர். அன்று ஆடியது கிறீனின் அணியே. லொஸ் ஏஞ்சலீஸ் அணியை 31 - 19 என்று வென்றது. களத்தில் மோதுகின்ற கிறீனையும், நடைவழியிற் சட்டையை எறிகின்ற கிறீனையும் ஒரே நாளில் மக்கள் மாறிமாறிக் கண்டனர். விளம்பரத்துறையின் உயர்ந்த பரிசுகளுள் ஒன்றாகிய கிளியோ விருது இதற்குக் கிடைத்தது. பிரேசிலில் சீக்கோவையும் ஆர்ஜென்ரீனாவில் மரடோனாவையும் வைத்து இதே கதையை மீண்டும் படமாக்கினர். ஆட்டம் வேறு, மொழி வேறு, வீரன் வேறு. கதை மட்டும் மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில் வேரூன்றிய உண்மை எந்த ஊரிலும் தளிர்க்கும் என்பதற்கு இது சான்று.

1981 இல் இதே கருவை நீட்டி ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் எடுத்தனர். அதில் நடித்த சிறுவன் ஹென்றி தோமஸ், மறு ஆண்டு ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' படத்தில் நடித்துப் புகழ்பெற்றான். ஆனால் அந்த நெடும்படத்தை இன்று நினைப்பவர் மிகச் சிலர். ஒரு நிமிடப் படமே நிலைத்து நிற்கின்றது. சுருங்கச் சொல்லல் அழகு என்பதை நாம் நன்னூலிற் படிக்கிறோம். இங்கே கண்ணாற் காண்கிறோம். 2012 இல் துணிக்கு மணமூட்டும் பண்டம் ஒன்றை விற்போர், முதுமையடைந்த கிறீனையே அழைத்து இப்படத்தைப் பகடி செய்தனர். அதிற் சட்டையைப் பிடித்த பெண்மணி, அதன் நாற்றம் தாங்காமல் திருப்பி எறிந்துவிடுகிறாள்! முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னும், மூலத்தை நினைவூட்டாமலே மக்கள் புரிந்துகொண்டு சிரிக்கும் நிலையில் அது இருந்தது. பகடி செய்யப்படுவதும் காவியத்துக்கு ஒரு பெருமையே.

எல்லாவற்றினும் மேலான பயன் கிறீனுக்குக் கிடைத்தது. முன்னர்த் தம்மைக் கண்டு ஒதுங்கியவர்கள், இதன்பின் சிரித்த முகத்தோடு நெருங்கி வந்தார்கள், சிறுபிள்ளைகளும் அஞ்சாமல் வந்தார்கள் என்று அவர் கூறியிருக்கிறார். ஒரு கதை, அதில் நடித்தவரின் வாழ்க்கையையே திருத்தி எழுதியது.

இங்கே ஒரு தடை எழும், எழுவதே முறை. "ஐயா, இத்தனை அழகும் சீனித் தண்ணீர் விற்பதற்குத்தானே? பையனின் அன்பைக் காட்டிப் பானத்தை விற்றது வஞ்சகம் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு இப்படத்தைப் புகழ்வது நேர்மையாகாது. அத்தகைய 16 அவுன்ஸ் பானத்தில் ஏறத்தாழ 52 கிராம் சீனி உண்டு. வளர்ந்த ஒருவர் நாள் முழுவதிலும் கொள்ளும் சேர்க்கைச் சீனி ஏறக்குறைய 50 கிராமுக்கு மேற்படலாகாது, அதிற் பாதியாகக் குறைத்தல் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட நெறி. ஒரே போத்தல் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றது. நீரிழிவு பெருகிவிட்ட நம் நாட்டில் இதனை விளையாட்டாகக் கொள்ள முடியாது.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பையன் கையில் இருந்தது கோலா அன்று, வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அல்லது ஒரு தோடம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை சிறிதும் கெடவில்லை. தாகித்தவர் குடிப்பார், சட்டை பறக்கும், பையன் வாய்பிளப்பான், நம் கண் பனிக்கும். ஆனாற் பையனை நீக்கிவிட்டு, கிறீன் கடையிற் போத்தல் வாங்கிக் குடிக்கிறார் என்று வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆக, நாடகத்தின் உயிர் பையனின் ஈகையில் இருக்கின்றது, பானத்தில் இல்லை. அந்த ஈகையின் ஒளியைப் பானத்தின்மேல் விழச்செய்து, பானமே ஒளிர்வதுபோல் நம்மை மயங்கவைத்ததுதான் விளம்பரத்தின் தந்திரம். நிலவொளி நிலவுக்கு உரியதன்று, அதுபோல என்க.

இந்தப் பகுப்பைச் செய்யத் தெரிந்தவன் இரண்டு வகையிலும் பயன் பெறுவான். கலையைக் கலையாக அனுபவிப்பான். பண்டத்தைப் பண்டமாக எடைபோட்டு வாங்குவான், அல்லது வாங்காது விடுவான். இப்பகுப்பு அறியாதவன் இரண்டிலும் இழப்பான். ஒன்று, விளம்பரம் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு நல்லதொரு நாடகத்தை இழப்பான். அன்றேல் நாடகத்தைப் பருகுவதாக எண்ணிக்கொண்டு சீனியைப் பருகுவான்.

இன்றைய மாணவர், பாடநூலில் உள்ள செய்யுளைக் காண்பதிலும் பன்மடங்கு நேரம் விளம்பரங்களைக் காண்கின்றனர். வீதியிற் காண்கின்றனர்; கைத்தொலைபேசியிற் காண்கின்றனர். அவர்களைப் பார்க்காதே என்று தடுப்பது இயலாத காரியம். பார்க்கக் கற்பிப்பது இயலும். அது மொழியாசிரியர் கடமையும் ஆகும். மெய்ப்பாடும் உள்ளுறையும் விளியும் பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல. பழம்பாட்டைத் திறக்கும் அதே திறவுகோல் இந்த ஒரு நிமிடப் படத்தையும் திறக்கின்றது. ஒரு பாடவேளையில் இப்படத்தை இருமுறை காட்டுங்கள். முதன்முறை பேசாமற் பார்க்கட்டும். இரண்டாம் முறை, சட்டை எப்போது கண்ணிற்பட்டது, விளி எவ்விடத்தில் மாறியது, சிரிப்பு எப்போது வந்தது, சொல்லாமல் விடப்பட்டது யாது என்று எழுதச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு வினா: இதிற் கொடுத்தவர் யார், பெற்றவர் யார்?

போத்தல் கொடுத்த பையன் சட்டையைப் பெற்றான். சட்டை கொடுத்த வீரர் தம் நற்பெயரைப் பெற்றார். மாணவர் விடைகள் பலவாறாக வரும். அவற்றுள் எது சரியென்று தீர்ப்பதற்கு விரையாமல், ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு நின்றால், அன்றைய தமிழ்ப்பாடம் நன்கு நடந்தது என்று கொள்ளலாம்.